ஒரு கிலோ உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?

கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் அப்பாவுக்கு வயது 66, ஆறு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த முறை போனபோது உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார். அதே வாரம் எதிர்வீட்டுப் பாட்டியை “சோடியம் குறைஞ்சுபோச்சு” என்று ஐசியூவில் சேர்த்து, திரும்பி வரும்போது உப்பைக் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். போதாததற்கு, ஊறுகாய் இல்லாமல் சாப்பிட உட்காராத உங்கள் தாத்தா 88 வயது வரை நடமாட்டமாக இருந்தார். உப்பைக் குறைத்தால் நல்லதா ஆபத்தா, இந்துப்புக்கு மாறினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது உப்பைப் பற்றி என்றாலும், அப்பாவும் அந்தப் பாட்டி மாதிரி ஐசியூவில் படுத்துவிடுவாரோ என்பதுதான் உங்கள் பயம் என்று எனக்குப் படுகிறது. நான் தூத்துக்குடிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். உப்பு விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு உப்பைக் குறைக்கச் சொல்வதே பிழைப்பாகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாட்டியில் தொடங்குகிறேன். அந்தக் குழப்பம் தீராமல் மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியம் என்று ஒரு எண் வரும். 135-லிருந்து 145 வரை இருக்கவேண்டும். நாம் தினம் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறோம் என்பதை அந்த எண் காட்டாது. ரசம் சப்பென்று இருந்தால் உப்பைக் குறைவாகப் போட்டிருக்கலாம், அல்லது தண்ணீரை அதிகமாக விட்டிருக்கலாம். ரத்தத்தில் சோடியம் குறைவது பெரும்பாலும் இரண்டாவது கதைதான். உடம்பு தண்ணீரை வெளியேற்ற முடியாமல் தேக்கிக்கொள்ள, இருக்கிற சோடியம் நீர்த்துப்போகிறது. வயதானவர்களுக்கு இதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர் பிரிக்கும் மருந்துகள். அடுத்து மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள். வாந்திபேதியில் உப்பெல்லாம் போய், வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாலும் நடக்கும். இதயம், ஈரல், சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் வரும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவர் குழம்பில் உப்பைப் பாதியாக்கியதால் மட்டும் சோடியம் சரிந்து விழுவது மிக அரிது. பிரேசில் காட்டுக்குள் வாழும் யானோமாமி மக்கள் நாளுக்கு 1 கிராம் உப்புகூட இல்லாமல் வாழ்கிறார்கள். அந்த அளவுக்குச் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கச் சிறுநீரகத்துக்குத் தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு. பல் போய், பசி போய், இரண்டு வாய் கஞ்சியும் நாலு டம்ளர் காபியுமாக நாளை ஓட்டுகிற முதியவர் மேலே சொன்ன சிறுநீர் மாத்திரையும் சாப்பிட்டால், அவருக்கு உப்பைக் கடுமையாகக் குறைக்க நானே யோசிப்பேன்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். 70 வயதைத் தாண்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கோ ஒரு மருத்துவமனையில் சோடியம் குறைவுக்குச் சிகிச்சை எடுத்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது “உப்பு சேர்த்துக்கொள்ளவும்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. அவர் மோரில் ஒரு கரண்டி உப்பு, சாப்பாட்டுக்கு இரண்டு துண்டு நார்த்தங்காய் என்று மருந்து மாதிரி விடாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார். என் முன்னால் உட்கார்ந்த அன்று மேல் பிரஷர் 190-க்கு மேல், கால் இரண்டும் வீங்கியிருந்தது. சோடியத்தைக் குறைத்த சிறுநீர் மாத்திரையை அந்த மருத்துவமனையிலேயே நிறுத்தியாகிவிட்டது. காரணம் போன பிறகும் வைத்தியம் மட்டும் இரண்டு வருடம் நடந்திருக்கிறது. உங்கள் எதிர்வீட்டுப் பாட்டியிடமும் எத்தனை நாளைக்கு என்று கேட்கச் சொல்லுங்கள்.

சரி, உப்பு என்னதான் செய்கிறது? உப்பின் எடையில் 40 சதவீதம் சோடியம். சாப்பிட்ட சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றவேண்டும். வயது ஏற ஏற, அல்லது பிரஷரும் சர்க்கரையும் சிறுநீரகத்தைத் தேய்க்கத் தேய்க்க, அந்த வேலை மந்தமாகிறது. தங்கிப்போன சோடியம் தன்னோடு தண்ணீரையும் நிறுத்திவைக்கும். குழாய்க்குள் ஓடும் அளவு கூடும், அழுத்தம் ஏறும். இது ஒரு நாள் கதையாக இருந்தால் கவலையில்லை. கல்யாண வீட்டில் ஒரு நாள் அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டு யாரும் சாவதில்லை. 20, 30 வருடம் அந்த அழுத்தத்திலேயே இருக்கும் ரத்தக் குழாயின் சுவர் விறைத்துப்போகும். அந்த விறைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறை தடிக்கும். சிறுநீரக வடிகட்டிகள் ஒவ்வொன்றாக அடைபடும். இதில் எதுவுமே வலிக்காது. முதல் அறிகுறியே பக்கவாதமாக வருவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதில் எது உறுதியானது, எது இன்னும் வழக்கில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லவேண்டும். உப்பைக் குறைத்தால் பிரஷர் குறையும் என்பது உறுதி. 2001-ல் அமெரிக்காவில் 412 பேருக்குச் சாப்பாட்டையே சமைத்துக் கொடுத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். வழக்கமான அமெரிக்கச் சாப்பாட்டில் உப்பை மட்டும் 8 கிராமுக்கு மேலிருந்து 4 கிராமுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தபோது, மேல் பிரஷர் சராசரியாக 6.7 புள்ளி இறங்கியது. அதற்கு 30 நாள்தான் ஆனது. இப்படிப் பல பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்த ஒரு கணக்கு 2013-ல் வந்தது. நாளுக்கு 4.4 கிராம் உப்பு குறைந்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு 5 புள்ளிக்குக் கொஞ்சம் மேலே, இல்லாதவர்களுக்கு இரண்டரைப் புள்ளி அளவுக்கு இறங்குகிறது என்றது அது. வெறும் 5 புள்ளியா என்று தோன்றும். பிரஷர் மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளில் மேல் பிரஷர் 5 இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 10 சதவீதம் குறைகின்றன. ஒரு பிரஷர் மாத்திரை செய்கிற வேலையில் ஏறக்குறைய பாதியை இது செய்துவிடுகிறது.

பிரஷர் எண் இறங்குவது இருக்கட்டும், உயிர் பிழைக்கிறார்களா என்று நீங்கள் கேட்டால், எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வட சீனாவின் கிராமங்களில் நடந்தது. 600 கிராமம், 20,995 பேர். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய பிரஷர்காரர்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பு. மீதிக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. கிட்டத்தட்ட 5 வருடம் கழித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். மாற்று உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்திருந்தது. புது மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை, உப்பு டப்பாவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் பலன் சோடியம் குறைந்ததால் வந்ததா, பொட்டாசியம் கூடியதால் வந்ததா என்று அந்த ஆய்வில் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கணிப்பு.

இனி வழக்கில் இருப்பவை. மிகக் குறைவாக உப்பு சாப்பிடுகிறவர்களுக்கும் இதய நோய் அதிகம் என்று பல நாடுகளை ஆராய்ந்த பியூர் என்ற பெரிய ஆய்வு சொன்னது. உப்பைக் குறைக்காதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகள் பலவற்றுக்கும் வேர் இதுதான். அவர்கள் ஒரே ஒரு வேளைச் சிறுநீரை வைத்து ஒரு நாள் உப்பைக் கணக்கிட்டார்கள் என்பதும், ஏற்கெனவே நோயாளியாக இருப்பவர் சாப்பாடே குறைவாகச் சாப்பிடுவதால் உப்பும் குறைவாகத்தான் தெரியும் என்பதும் எதிர்த்தரப்பு வாதம். நான் எதிர்த்தரப்புப் பக்கம். ஆனாலும் 3 கிராமுக்குக் கீழே போனால் எல்லோருக்கும் மேலும் மேலும் நன்மை என்று அடித்துச் சொல்லமாட்டேன். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உப்பை மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த 2022 ஆய்வில் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ கண்கூடாகக் குறையவில்லை. அப்புறம், உப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் பிரஷரை ஏற்றுவதில்லை. முதியவர்கள், சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று கிளினிக்கில் சுலபமாகக் கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. ஆனால் இந்தச் சச்சரவெல்லாம் நாம் இப்போது சராசரியாகச் சாப்பிடும் அளவுக்குக் கீழே நடப்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னபடி நம் நாட்டில் ஒருவர் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறார், ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள்.

உங்கள் தாத்தா விஷயம். 88 வயது வரை இருந்தவரைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே தெருவில் 55 வயதில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்தவர்களை “வாதம் அடிச்சிடுச்சு” என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு பிரஷர் எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை. தாத்தா தினம் எத்தனை மைல் நடந்தார், எத்தனை கீரை சாப்பிட்டார் என்பதும் கணக்கில் வராது. ஜப்பானின் வடபகுதியில், குறிப்பாக அகிதாவில், 1950-களில் நாளுக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்டார்கள். அங்கே பக்கவாதச் சாவு நாட்டிலேயே மிக அதிகம். அங்கும் ஊறுகாயோடு 90 வயது வரை வாழ்ந்த தாத்தாக்கள் இருந்திருப்பார்கள்.

இப்போது உங்கள் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். எத்தனை கிராம் சாப்பிடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் எல்லோருமே “நாங்க கம்மியாத்தான் போடுவோம் சார்” என்பார்கள். அதனால் நான் கிராமைக் கேட்பதில்லை, பாக்கெட்டைக் கேட்கிறேன். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு ஒரு மாதத்தில் தீர்ந்தால், 1000-ஐ 30-ஆல் வகுத்து, 4-ஆல் வகுத்தால் ஆளுக்கு 8.3 கிராம். ஆராய்ச்சிக் கழகம் ஊர் ஊராகப் போய்க் கண்டுபிடித்த எண் உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதே கிலோ 50 நாள் வந்தால் ஆளுக்கு 5 கிராம். கடை ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், ஓட்டல் டிபன் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே என்பதால், 60 நாள் வந்தால் நிம்மதி. மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் தனியாகக் கல் உப்பு வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு குழம்பாது. பிரிக்கிற அன்றைக்குப் பாக்கெட் மேலேயே பேனாவால் தேதியை எழுதிவிடவேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகளில் உப்பில் பெரும்பங்கு ரொட்டியிலும் பாக்கெட் உணவிலும் இருப்பதால், கம்பெனிகளிடம் பேசித்தான் அரசாங்கம் குறைக்கவேண்டியிருந்தது. 2001 வாக்கில் 9.5 கிராமாக இருந்ததை 2011-க்குள் 8.1-க்குக் கொண்டுவந்தார்கள். நமக்குப் பெரும்பங்கு வீட்டு அடுப்பில்தான் சேர்கிறது. ஒருவிதத்தில் அது நம் அதிர்ஷ்டம்.

ஒரு காலை டிபனை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவில் உப்பு. சட்னியில் உப்பு. சாம்பாரில் உப்பு. இட்லிப் பொடியிலும் உப்பு. நாலு இட்லிக்கு நாலு இடத்தில் உப்பு சேர்கிறது, எதுவுமே நாக்குக்குக் கரிக்காது. மதியம் சோற்றில் உப்பு போடாதது நம் பழக்கத்திலேயே இருக்கிற நல்ல விஷயம். ஆனால் குழம்பு, ரசம், பொரியல், மோர் என்று ஒவ்வொன்றும் தனக்குத் தானே உப்பைப் போட்டுக்கொண்டு வருகிறது. கருவாடு, மோர்மிளகாய், வத்தல் எல்லாம் உப்பிலேயே பிழைப்பவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேரும், அதுவும் சோடியம்தான். ஆப்ப சோடாவும் அப்படியே. கடைப் பொட்டலமாக இருந்தால் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள். 800 என்று போட்டிருந்தால் அது 2 கிராம் உப்பு. எத்தனை கிராம் உணவுக்கு அந்த எண் என்பதையும் பார்க்கவேண்டும். 100 கிராமுக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

குறைப்பதை ஒரே நாளில் செய்யாதீர்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள். தட்டு தள்ளப்படும், திட்டு சமைத்தவருக்கு விழும். சோற்றுக்கும் குழம்புக்கும் வீட்டு அம்மாதான் பொறுப்பு என்று நினைக்கிற வீடுகளில் டாக்டர் சொன்ன ஆலோசனைக்கும் சேர்த்து அந்த அம்மாதான் பழி ஏற்கவேண்டியிருக்கிறது. போடுகிற அளவில் கால் பங்கை மட்டும் குறையுங்கள், மூன்று வாரம் விடுங்கள், பிறகு இன்னொரு கால் பங்கு. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பழைய அளவில் சாப்பிட்டால் உங்களுக்கே கரிக்கும். கையால் அள்ளிப் போடாமல் ஒரே ஸ்பூனால் போடவேண்டும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலையைத் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம். மோரில் உப்பை முதல் நாளே நிறுத்திவிடலாம், பெருங்காயமும் இஞ்சியும் தட்டிப் போட்டால் தெரியாது. அப்பாவுக்கு மட்டும் தனிச் சமையல் என்பது வேண்டாம். ஒரு மாதம்கூடத் தாங்காது. இதை நான் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டேன்.

இந்துப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பாக இருந்தாலும், இமயமலைப் பெயர் வைத்தாலும், அதில் 95 சதவீதத்துக்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான். பொதுவாக அயோடின் சேர்த்திருக்கமாட்டார்கள் என்பதால், வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் நஷ்டமும் உண்டு. சீன ஆய்வில் வந்த பொட்டாசியம் கலந்த உப்பு வேறு சங்கதி. அது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 2014-ல் தமிழ்நாடு உப்புக் கழகம் ‘அம்மா உப்பு’ என்று கொண்டுவந்த வகைகளில் சோடியம் குறைந்த உப்பு ஒன்றும் இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இத்தகைய உப்புக்கு ஆதரவாகப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் விலக்கியே பேசுகிறது. காரணம், சிறுநீரகம் பழுதாக இருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. உங்கள் அப்பா இவற்றில் ஒன்றைச் சாப்பிட வாய்ப்பு அதிகம். எனவே ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண்) பொட்டாசியமும் பார்க்காமல் அந்த உப்பை வாங்கி வைக்காதீர்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கட்டாயம் சொல்வார்கள்: “நம்ம ஊர் வெக்கைக்கு உப்பு வேணும்.” உப்பளத்தில் சித்திரை வெயிலில் காலையிலிருந்து வாருகோல் இழுக்கிறவருக்கு அது உண்மை. சட்டையில் வெள்ளைக் கோடு படியும் அளவுக்கு வேர்ப்பவருக்கு நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்பு போடுவதை நான் தடுப்பதில்லை. மின்விசிறிக்குக் கீழே பேப்பர் படிக்கிறவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. அசதியாக இருக்கிறது என்று பிரஷர்காரர்கள் ஓஆர்எஸ் வாங்கிக் குடிப்பதையும் நிறையப் பார்க்கிறேன். ஒரு லிட்டர் கரைசலில் 2.6 கிராம் உப்பும், அதற்கு மேல் சிட்ரேட் வழியாக வேறு சோடியமும் இருக்கிறது. அது வாந்திபேதிக்கான மருந்து.

கடைசியாக, உங்கள் அப்பா. அவருடைய சீட்டையும் ரிப்போர்ட்டையும் பார்க்காமல் அவருக்கு எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘எச்’ அல்லது ‘சிடி’ போன்ற எழுத்து ஒட்டியிருந்தால், சிறுநீர் மருந்து சேர்ந்திருக்கலாம். டாக்டரிடம் அதைக் கேட்டுவிட்டு, சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உப்பைக் குறைத்த பிறகு வீட்டிலேயே காலையில் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் மாத்திரையின் அளவைக் குறைக்கவேண்டிய நேரமாக இருக்கலாம். அதை டாக்டர்தான் குறைக்கவேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. என்றைக்காவது அவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, வாந்தியோடு தள்ளாடினாலோ, உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் உட்காரவேண்டாம். அது சோடியமாகவும் இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.